டிஸ்ரிபியூட்டரில் போட்ட வெள்ளைக் கோடு

அன்பும் கோபமும் சரிபாதியாக, என் மச்சான் குணத்துக்கு,

உன் ஆண்டுத் திவசம் வருகிறது. நினைவு மலரில் போடுவதற்கு நாலு நல்ல வசனம் எழுதித் தரும்படி உன் மகன் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். நல்ல வசனத்துக்கு நான் எங்கே போவேன்? உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய கதை ஒன்று நெஞ்சுக்குள் கிடக்கிறது. உன் காரையும் உன் தங்கச்சியையும் பற்றிய கதை. அதையே எழுதுகிறேன், பிடித்தால் கேள்.

உன் பழைய ஏ போர்ட்டிக் கார் என் முற்றத்து வேம்பின் கீழேதான் நிற்கிறது. "இதை வித்துப்போடாதை மச்சான், பவளத்துக்கு உதவும்" என்று சொல்லித்தானே திறப்பைத் தந்தாய்? உதவத்தான் செய்கிறது. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் ரவுண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். ஒரு முறை தவறினாலே கால் வீங்கிவிடும், படுத்தால் மூச்சு முட்டும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று டொக்டர் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

ஓட்டோ பிடிக்கலாமே என்பாய். பிடித்துப் பார்த்தோம். இரணைமடு வாய்க்கால் ஓரத்துக் கிரவல் பாதையை நீ அறியாதவனா? திரும்பி வரும்போது அவள் ஓட்டோவுக்குள்ளேயே சத்தி எடுத்தாள், ஊசி ஏற்றிய கை வீங்கிவிட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டாள், அண்ணாவின் காரென்றால் வருவேன், இல்லாவிட்டால் இல்லை என்று. பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம் அல்லவா? அதனால் நானும் ஒத்துக்கொண்டேன்.

மழை விட்ட பிறகு கார் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. திறப்பைத் திருப்பினால் மோட்டார் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் மட்டும், முறை தவறிப்போகும். மற்ற நாளில் நான் எடுத்துப் பார்ப்பதில்லை, அதனால் அது எனக்கு உறைக்கவும் இல்லை. பற்றரியைப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ரவுண் கராஜ்காரனிடம் கேட்டால், "ஐயா, இதைப் பழைய இரும்புக்குக் குடுத்திட்டு நிம்மதியாய் இருங்கோ" என்கிறான். அவனுக்கு வாயால் நல்லாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ இருந்திருந்தால் போனெட்டைத் திறந்து, காதைச் சாய்த்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து அனுப்புகிற டிஸ்ரிபியூட்டரை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் திருப்பி பொறி விழுகிற ரைமிங்கைப் பிடித்திருப்பாய். உனக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டாய். சண்டைக் காலத்து அந்தக் கடைசிச் செல்லடிக்குப் பிறகு என் காதுகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். அதனால் நான் கண்ணால் வைக்கிற முறையைப் பிடித்தேன். காரின் முன்னால் கையால் சுற்றுகிற ஹாண்டிலைப் போட்டு மோட்டாரை மெல்லச் சுற்றி, பெல்ற் ஓடுகிற புளிச் சில்லில் உள்ள வெட்டை அடையாளத்துக்கு நேரே நிறுத்தினேன். சின்ன பல்ப் ஒன்றை வயரில் கொழுவி, டிஸ்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பல்ப் பளிச்சென்று பற்றுகிற இடத்தில் நிறுத்தி இறுக்கினேன். பார்த்தால் அது எக்கச்சக்கமாகப் பின்னுக்குப் போய்க் கிடந்திருக்கிறது. நெருப்பு பிந்தி வந்தால் மோட்டார் எப்படிப் பற்றும்?

பிறகு ஒரே திருப்பு. "பவளம், ஓடிவா!" என்று சின்னப் பெடியன் மாதிரிக் கத்தினேன். அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். "அப்ப சரிவந்திட்டுது, என்ன" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலில் சந்தோசம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. காதுதானே மந்தம் என்று விட்டுவிட்டேன்.

ஆடி ஆடி நட்டு நழுவியிருக்கும் என்பது என் கணிப்பு. இனி நழுவினால் தெரியட்டும் என்று, கேற்றுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற்றில் டிஸ்ரிபியூட்டரிலும் மோட்டாரிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு இழுத்துவிட்டேன். அந்த முறை போய்வந்தோம். அடுத்த முறை காலையில் திறப்பைத் திருப்பினேன். சுற்றியது, பற்றவில்லை.

போனெட்டைத் திறந்தேன். கோடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது, இடையில் ஒரு விரல் தடிப்பு. சரி, நழுவிவிட்டது என்று நட்டில் ஸ்பனரைப் போட்டால், மச்சான், நட்டு அசையவில்லை. நல்ல இறுக்கம். தானாக நழுவிய நட்டு தானாக இறுகுமா?

இந்த நட்டு எது, இதை எப்படித் திருப்புவது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். ஒருவன் நீ. ஒருவன் நான். மற்றது யார்? பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில், மண்ணெண்ணெய்க்கு ஏற்றமாதிரி ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவைக்க நீ காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாய். நீ வாய் திறக்க முதலே சரியான ஸ்பனரை நீட்டுகிறவள் யார்?

அன்றைக்கு நான் சத்தம் போடவில்லை. என்னை நீயே நம்பமாட்டாய், ஆனால் போடவில்லை. அவள் தேத்தண்ணி கொண்டுவந்து மட்கார்டில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"பவளம், நட்டு இறுக்கித்தான் கிடக்குது."

"தளர்த்தினால் திருப்பி இறுக்காமல் விடக்கூடாது எண்டு அண்ணா சொல்லித் தந்தவர்" என்றாள்.

கடவுளே, குணம், இப்படியும் ஒருத்தி ஒத்துக்கொள்வாளா?

"உனக்கு விசரே? சாகப்போறியே?" என்றேன்.

"எனக்கு ஏலாமல் கிடக்கு. அந்த ஊசியைக் கண்டாலே குலை நடுங்குது. வந்தால் அண்டைக்கு முழுக்கப் பிணம் மாதிரிக் கிடக்கிறன். அடுத்த நாள் எழும்ப, மற்ற முறை வந்திடுது. இது ஒரு சீவியமே?"

"அதை வாயாலை சொல்லுறதுக்கென்ன?"

"சொன்னால் நீங்கள் அழுவியள். கார் ஓடாட்டில் ஆருக்கும் குற்றமில்லை."

பார்த்தாயா உன் தங்கச்சியின் நியாயத்தை? எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஏதாவது பிழை பிடிக்கவேண்டும் போல இருந்தது. "செய்யிறதுதான் செய்தாய், ஏன் பின்னுக்குத் திருப்பினாய்? முன்னுக்குத் திருப்பியிருந்தாலும் ஓடாதே!" என்று கேட்டேன். விசர்க் கேள்விதான். வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"முன்னுக்குத் திருப்பினால் ஹாண்டில் திருப்பி அடிக்குமெல்லே. நீங்கள் உடனை ஹாண்டிலைப் போட்டுச் சுத்துவியள். கை முறிஞ்சிருக்கும்" என்றாள்.

மச்சான், நான் அந்தக் காரின் படியிலேயே இருந்துவிட்டேன். என்னை ஏமாற்றிக்கொண்டு சாகப் பார்த்தவள், அதற்குள்ளும் என் மணிக்கட்டை நினைத்திருக்கிறாள். நான் அழுதேன். அவள் சொன்னது போலவே அழுதேன். அவள் பக்கத்தில் வந்து இருந்து, "இதுக்குத்தான் சொல்லேல்லை" என்றாள். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

பின்னேரம் இருவருமாகச் சேர்ந்து ரைமிங்கைத் திரும்ப வைத்தோம். நான் டிஸ்ரிபியூட்டரைத் திருப்ப, அவள் பல்ப்பைப் பிடித்தாள். பற்றியதும் "நிப்பாட்டுங்கோ" என்றாள், உன் குரலில் உள்ள அதே அதட்டல். நட்டை அவளையே இறுக்கவிட்டேன். பிறகு அந்த ஸ்பனரை அவள் கையிலேயே கொடுத்து, "இனி இது உன்னட்டை இருக்கட்டும். போக ஏலாத நாளிலை என்னட்டைச் சொல்லு. காரிலை கை வையாதை" என்றேன். அவள் அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

நான் செய்தது சரியா, குணம்? நீயாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்து ஏற்றியிருப்பாயா? எங்கள் மகளிடம் சொல்லி அவளையும் அழவிட்டிருக்க வேண்டுமா? அவள் நட்டைத் திருப்பும்போது அந்த வெள்ளைக் கோட்டைக் காணவில்லையா, அல்லது நான் கண்டுபிடிக்கட்டும் என்றே விட்டாளா? இதையெல்லாம் கேட்க எனக்கு இங்கே வேறு ஆள் இல்லை. வெளியில் சிரித்துக்கொண்டு திரிகிறேன், உள்ளுக்குள் பயந்து சாகிறேன்.

இன்று காலை மெசினுக்குப் போகிற நாள். நான் காருக்குள் ஏறி, திறப்பைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கூப்பிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேப்பம்பூ கண்ணாடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்துப் பின் கதவு திறந்தது. பையோடு ஏறி, காலை நீட்டி, "இண்டைக்குப் போவம்" என்றாள். திருப்பினேன். ஒரே திருப்பில் பற்றியது.

இன்றைக்குப் போவோம் என்றுதான் சொன்னாள். அடுத்த முறையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மலரில் போடலாமா என்று கேட்டேன். "போடுங்கோ, அண்ணாவுக்குத் தெரியத்தானே வேணும்" என்கிறாள்.

அதனால் உனக்கு என் வாக்கு இது. உன் காரை எந்தக் காலையிலும் ஒரே திருப்பில் பற்றுகிற மாதிரி வைத்திருப்பேன். அவள் வருகிற நாள் எல்லாம் கொண்டுபோவேன். என்றைக்காவது அவள் என் முகத்தைப் பார்த்து "இனி வரேல்லை" என்றால், திறப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் இருப்பேன். அழமாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது, மச்சான்.

உன் தங்கச்சியின் மனிசன்,
உன் மச்சான்
தவம்