அணில் திறந்த கதவு

வெள்ளி இரவு, வெள்ளவத்தை

என் சிநேகிதி தர்ஷினி செய்த கார்ட்டூன் படத்தை இன்று மண்டபத்தில் போட்டார்கள். வீட்டை விட்டுப்போன தகப்பனுக்காக, வாசல் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் எட்டிப் பார்க்கும் ஒரு குட்டி அணில். அது நான்தான். அவளிடம் மட்டும் சொன்ன கதை. கடைசியில் தகப்பன் திரும்பி வர, அணில் கதவைத் திறந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறது. பக்கத்திலிருந்த அன்ரி கண்ணைத் துடைத்தார்.

வெளியே வந்ததும், "ஏனடி என்னட்டக் கேக்கேல்லை?" என்றேன்.

"உனக்கும் ஒருநாள் மனம் மாறும் எண்டுதான் அப்பிடி முடிச்சனான்," என்றாள்.

போன வருடம் அப்பா வாசலில் வந்து நின்றபோது நான் கதவைத் திறக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். அதற்காக நான் வருந்தவில்லை என்பதும் தெரியும்.

அணிலைத் திருத்தியதாக அவளுக்கு நினைப்பு. நாளைக்கு வந்து பெல் அடிப்பாள். அடிக்கட்டும்.