நடுங்காத கை

13 மார்ச் 1996, புதன்

இன்று அண்ணன் என்னைச் சைதாப்பேட்டைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப்போனான். மயிலாப்பூர் வீட்டில் என் பங்கை அவனுக்கே எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

"உனக்குத்தான் கை நடுங்குதே, கைநாட்டு வச்சிடும்மா, போதும்" என்றான்.

இந்த நடுக்கத்தைக் காட்டித்தான் எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னான். நடுங்கவைத்தது மனநோய்க்கு நான் சாப்பிட்டுவந்த பழைய மாத்திரை. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை அப்படி இறுக்கி அடைத்ததாம். புது மாத்திரை செரடோனின் என்ற இன்னொரு ரசாயனத்தின் ஏற்பிகளையும் தடுப்பதால் நடுக்கம் குறையும் என்றார் டாக்டர். குறைந்தது. அண்ணனிடம் மூச்சு விடவில்லை. இரண்டு மாதமாக அவன் எதிரே வேண்டுமென்றே காபியைச் சிந்தினேன்.

கையெழுத்துப் போடும் இடத்தில் 'சம்மதமில்லை' என்று முத்துமுத்தாக எழுதினேன்.

நாளை காலை அவன் எதிரே உட்கார்ந்து, தம்ளர் விளிம்புவரை காபி ஊற்றிக் குடிக்கப்போகிறேன்.