அழிக்க விடாத பெட்டியும் அறிவிப்புக்காரியின் பல்லும்

என் செல்ல வாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி மனிதர் சவுக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், ஆனால் போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே குரலில் சொல்லி வைத்துவிடுகிறாய், அந்தக் குரலை நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன். போன மாதம் நீ அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. நீயும் உன் குழுவும் இத்தனை காலம் உட்கார்ந்து கண்டுபிடித்ததை, ஒரு ஃபைலை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி வைத்துத் தேடும்போது சரியாக எடுத்தும் கொடுக்கிற அந்த ஏற்பாட்டை, இப்போதைக்கு வேண்டாம் என்று ஆபீசில் ஓரங்கட்டிவிட்டார்கள் என்றாய். "குப்பையப் பத்திரமா வெச்சுக்க எதுக்கு இவ்வளவு மூளைன்னு மீட்டிங்ல சிரிச்சாங்கம்மா" என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவைத்தேன். அதற்கப்புறம் இங்கே நம் பல் செய்கிற லேபில் ஒன்று நடந்தது. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து "அது அப்படி இல்லம்மா" என்று விளக்க ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ போன லீவில் வந்தபோது ஸ்கேன் மிஷினுக்குக் கீழே வைத்துவிட்டுப் போன, அதே ஏற்பாடு உள்ள பெட்டியால் மாமாவுக்கு உன்மேல் கோபம் இருந்தது உனக்கே தெரியும். டாக்டர்கள் அனுப்புகிற வாய் அளவை எல்லாம் பிளாஸ்டரில் வார்த்து, ஸ்கேன் எடுத்து, பல் செய்து அனுப்பிய பிறகு பிளாஸ்டரைத் தூக்கிப் போட்டுவிடுவோம், ஸ்கேன் ஃபைல் மட்டும் உன் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையும் நீ அதற்குள்தான் ஏற்றினாய். மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊர ஆரம்பித்ததும் உன் மாமா பழைய வருஷத்து ஃபைல்களை மொத்தமாகப் பிடித்து அழிக்கப் பார்த்தார். "பத்திரக் காலம் முடியவில்லை, அழிக்க இயலாது" என்று திரையில் வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார், பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார், கடைசியில் உன்னைக் கூப்பிட்டார், நீயும் "அளவெடுத்த நாள்லேர்ந்து பத்து வருஷத்துக்கு நானே நெனச்சாலும் முடியாது மாமா, அதுக்குத்தான் அது" என்று சிரித்துவிட்டாய். அவ்வளவுதான், மனிதருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என் கடையில என் கையையே கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கா உன் பொண்ணு" என்று ஒரு வாரம் என்னிடம்தான் காய்ந்தார். நானும் உனக்காக ஒன்றும் பரிந்து பேசவில்லை, எனக்கும் அந்தப் பெட்டி என்னத்துக்கு என்றுதான் இருந்தது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் ஒரு பெண் லேபுக்கே வந்தாள். நம் இடத்துக்கு நோயாளிகள் வருவதில்லை என்று உனக்குத் தெரியும், எனக்கு ஊரில் பாதிப் பேருடைய பல் தெரியும், ஆளைத் தெரியாது. வந்தவள் துப்பட்டாவை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நம் ரயில் நிலையத்தில் வண்டி வருவதும் போவதும் மைக்கில் சொல்வாளே, அந்தப் பெண்தான். குரலை எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறோம், முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஸ்கூட்டரில் போகும்போது கார்க் கதவு திறந்து மோதி மேல்வரிசை முன்பல் நான்கும் போய்விட்டன. தாடை எலும்பு ஆறுகிற வரைக்கும் கழற்றி மாட்டுகிற செட்தான் போட வேண்டும், அதை நம்மிடம் வேலை கொடுக்கிற புது கிளினிக் டாக்டர்தான் பார்க்கிறார். முதல் செட் நாம் செய்ததுதான், வரிசை பிசகாமல் முத்து முத்தாக வைத்து அனுப்பினோம், அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய பழைய போட்டோவை வாங்கி, அதைப் பார்த்து நடுவில் சந்து விட்டு இரண்டாவது செட் செய்தோம், அதுவும் திரும்பி வந்தது. நான் வேலை செய்துகொண்டே "யாருடா இந்த மகாராணி" என்று மாமாவிடம் சலித்துக்கொண்டேன். அந்த மகாராணி நேரில் வந்து நிற்கிறாள், என்னைவிட ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே இன்னும் தையல் போட்ட தழும்போடு.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "குறை சொல்ல வரலைங்க, நீங்க செஞ்சது ரொம்ப அழகாத்தான் இருக்கு, எங்க வீட்டுக்காரர்கூட இதையே போட்டுக்கோன்னு சொல்றாரு. ஆனா இதைப் போட்டா என்னால 'ச' சொல்ல முடியல" என்றாள். சொல்லியும் காட்டினாள். "சற்று நேரத்தில்" என்பது குழாய் கசிகிற மாதிரி வந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்த்தாளாம், நாக்கு பழைய இடத்தைத் தேடிப் போய் ஏமாந்து திரும்புகிறதாம். அவளுடைய ஆபீசில் இப்போதைக்குத் தொலைந்த பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். மைக்குக்கு மிஷின் குரல் வாங்கப் போகிறோம், அதற்குள் நீ சரியாகி வந்தால் சரி என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். "அந்த ஆள் கெட்டவர் இல்லங்க, எவ்வளவு நாள்தான் காத்திருப்பாரு" என்று அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள். எனக்கு அதுதான் என்னவோ செய்தது. வலிக்கிற வாயோடு வந்து ஊரில் எல்லோருக்கும் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் எனக்கு உடனே புரிந்தது. போட்டோவில் பல்லின் முன்பக்கம்தான் தெரியும், நாக்கு போய்த் தொடுவது பின்பக்கம். பின்பக்கம் எவ்வளவு பருமன், எவ்வளவு சாய்வு என்று எந்தப் போட்டோவும் சொல்லாது. விபத்துக்கு முன்னால் எப்போதாவது வாய் அளவு எடுத்தார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தது, அதற்கு ஒரு டாக்டர் அளவெடுத்து மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுத்தார் என்றாள். உறை எப்போதோ தொலைந்துவிட்டது, டாக்டரும் கிளினிக்கை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அந்த டாக்டர் வேலை கொடுத்தது நமக்குத்தான். நான் மாமாவைப் பார்த்தேன், மாமா பெட்டியைப் பார்த்தார்.

தேடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த டாக்டர் பேர் எழுதி அனுப்ப மாட்டார், ஒரு எண் மட்டும்தான் இருக்கும், அந்த எண் யாருக்குத் தெரியும். மாமா அவள் பேரைப் போட்டுப் பார்த்தார், கல்யாணத்துக்கு முன்னால் இருந்த இனிஷியலைப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தால் அதற்குள் மிஷின் குரல் வந்து ஓய்வும் பெற்றுவிடும். அப்போதுதான் நீ ஒருநாள் என் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து "இதைக் காட்டி இதே மாதிரி வேற இருக்கான்னு கேளும்மா, பேரே வேண்டாம்" என்று விளையாட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கீழ்வரிசை முழுசாக இருக்கிறது, பல் கடிக்கிறவர்களுக்கு மேலும் கீழும் இரண்டு அளவும் எடுப்பார்கள். முதல் செட்டுக்காக எடுத்திருந்த அவளுடைய கீழ்த்தாடை ஸ்கேனைப் பெட்டியிடம் காட்டினோம். நீ வேலையில் இருப்பாய், அதுவும் அந்த மனநிலையில் இருக்கும்போது உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான்தான் போன் செய்ய விடவில்லை. மாமா தட்டுத் தடுமாறி, எதை அமுக்குவதென்று தெரியாமல் மூன்று தடவை தப்பான இடத்துக்குப் போய், சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி நிதானமாகத் தேடியது. முதலில் வந்த தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை, அது யாரோ ஆணுடையது மாதிரி இருந்தது. திரையை நான் என் பக்கம் திருப்பிக்கொண்டேன், மற்றவர்கள் வாய்க்குள் இருப்பது அவளுக்கு எதற்கு. அடுத்து வந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. கீழ்வரிசையில் இடப்பக்கம் ஒரு சின்னப் பல் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் ஒருக்களித்து நிற்கும், அப்படியே அச்சாக அதே பல். மேல்வரிசையைத் திறந்தேன். நான்கு முன்பல்லும் இருந்தன. நடுவில் சந்து, வலது பல்லின் ஓரத்தில் ஒரு சின்ன உடைசல், பின்பக்கம் நாங்கள் நினைத்ததைவிட நல்ல பருமன். அப்போதுதான் திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் துப்பட்டாவை விட்டுவிட்டு விரலால் திரையில் அந்தச் சந்தைத் தொட்டாள். மாமா எழுந்து டீ வாங்கிவருகிறேன் என்று போனார், கடை எதிரேதான் இருக்கிறது, வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்ததும் என்னிடம் தனியாக "அன்னிக்கு அது மட்டும் அழிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. 

மூன்றாவது செட்டை நானே செய்தேன், மெழுகு வைப்பதிலிருந்து எல்லாம். புது கிளினிக் டாக்டரிடம் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம்தான், நல்ல பிள்ளை, முதல் இரண்டு தடவைக்கும் அவளிடம் பணம் வாங்கவில்லை. ஆனால் "உடைஞ்ச ஓரத்தையும் அப்படியே செஞ்சா பாக்கறவங்க நான்தான் உடைச்சேன்னு நெனைப்பாங்களே" என்று கவலைப்பட்டார். அவளிடமே கேட்கலாம் என்றேன். மெழுகில் வைத்துப் பார்க்கிற அன்றைக்கு நானும் கிளினிக்குக்குப் போனேன், எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மாட்டினதும் டாக்டர் கண்ணாடியை நீட்டினார், அவள் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதலில் மெதுவாகச் சொன்னாள், "சற்று நேரத்தில்" என்று. கொஞ்சம் கசிந்தது. நாக்கை ஒருதரம் உள்ளே ஓடவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மைக் முன்னால் சொல்கிற மாதிரி முழுசாகச் சொன்னாள், பயணிகளின் கவனத்திற்கு என்று ஆரம்பித்து, எந்த வண்டி, எந்த நடைமேடை, சற்று நேரத்தில் வந்து சேரும் என்று. நமக்கெல்லாம் தெரிந்த அதே குரல். வெளியே காத்திருந்த ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாராம். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கையுறையைக் கழற்ற முடியாமல் நின்றார். அவளும் சிரித்தாள், அப்புறம் அழுதாள், மெழுகு கெட்டுவிடும் என்று நான் அதட்டி நிறுத்தினேன். உடைசலை என்ன செய்ய என்று கேட்டதற்கு, "அது ஸ்கூல்ல பாட்டில் மூடியக் கடிச்சு உடைச்சதுங்க, அது வேண்டாம், இவ்வளவு பட்டதுக்கு அந்த ஒண்ணாவது லாபமா இருக்கட்டும்" என்றாள்.

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டாள். மிஷின் குரல் வாங்குவதை அந்த மேலதிகாரி தள்ளிப்போட்டிருக்கிறார், ஒரேயடியாக நிறுத்தவில்லை, அதையும் அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போன வாரம் வந்திருந்தபோது மாமா அவளிடம், உங்கள் ஃபைலுக்குப் பத்திரக் காலம் இந்த வருஷக் கடைசியில் முடிகிறது, நீட்டித்து வைக்கட்டுமா என்று பெருமையாகக் கேட்டார்.  "வேண்டாங்க, இப்ப அது என் வாயிலயே இருக்கு. காலம் முடிஞ்சா போகட்டும்" என்றாள். மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அழித்தே தீருவேன் என்று நின்றவர் இப்போது ஒன்றையும் விட மனசில்லாமல் இருக்கிறார். அது அவள் வாய், அவள் சொல்வதுதான் என்று நான் சொல்லிவிட்டேன். காலம் முடிந்ததும் தானாகப் போய்விடுமா, இல்லை நாம் ஏதாவது அமுக்க வேண்டுமா என்று மாமாவுக்குச் சொல், அவராக உன்னைக் கேட்க மாட்டார், வீம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது.

அந்த வேலையை விடுவதா இருப்பதா என்று நீ கேட்டாய். எனக்குப் பல் செய்யத்தான் தெரியும், உன் ஆபீசைப் பற்றி என்ன தெரியும், உனக்கு எது சரியாகப் படுகிறதோ அதைச் செய், எதைச் செய்தாலும் இந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அந்த மீட்டிங்கில் சிரித்தவர்கள் இன்னும் எதையும் தொலைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது, அவர்கள்மேல் கோபப்படாதே. வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். இடது மேல் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா, கூசுகிறது என்று சொல்லி எத்தனை மாதம் ஆகிறது, நான் இங்கே உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பல் செய்துகொண்டிருக்க நீ அங்கே ஒரு பக்கமாக மென்றுகொண்டிருக்கிறாய். நீ தைரியமாகவும் நிம்மதியாகவும் இருக்க வேண்டும், உன் கை வைத்த காரியம் எல்லாம் நல்லபடி நடக்க வேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

மாமா தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் ஃபைலும் வந்தது, ஸ்கூலில் படிக்கும்போது கம்பி கட்ட அளவெடுத்தோமே, அது. அதற்கும் காலம் முடியப் போகிறது. எல்லோரிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மாமாவிடம் பெரிதாக நியாயம் பேசியவள் நான்தான், ஆனால் உன்னைக் கேட்கவில்லை, நீட்டித்துவிட்டேன்.

உன் அம்மா.