அப்பா நடித்த நோயாளி

அப்பா,

இன்று பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் மறைக்காமல் எழுதப்போகிறேன். அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியின் பயிற்சி மண்டபத்துக்குப் போயிருந்தோம். மேசையில் அந்த மூன்று பந்துக் கருவி இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் எழும்பும். உங்களுக்கு ஒன்றுதான் எழும்பும். "மற்ற ரெண்டும் அரசாங்க உத்தியோகத்தர். எழும்பமாட்டினம்" என்பீர்கள்.

அரிசி ஆலைத் தூசுக்குள் வேலை செய்து உங்கள் நுரையீரல் இறுகிப்போயிருந்தது. மாற்று நுரையீரல் பொருத்துவதற்கு உங்களைத் தெரிவுசெய்வார்களா என்று காத்திருந்தோம். அந்தச் சிகிச்சைக்கு நோயாளிகளை ஆயத்தப்படுத்துவது பற்றி எங்கள் பகுதித் தாதியருக்குக் கொழும்பு டொக்டர் ஒருவர் இதே மண்டபத்தில் வகுப்பு எடுத்தார். நோயாளியாக நடிக்க உங்களைக் கேட்டார்கள். எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்திலிருந்து அன்று பஸ்ஸில் நானும் கூட வந்தேன்.

அன்றைய பாடம், நுரையீரல் மாற்ற முடியாது என்ற செய்தியை நோயாளிக்குச் சொல்வது. வகுப்புக்கு வந்திருந்த தாதி தர்சினி மிஸ் நின்றபடி தாளைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"ஐயா, இந்த இடத்திலை நீங்கள் கவலைப்பட வேணும்" என்றார் டொக்டர்.

"அவா நியூஸ் வாசிக்கிற மாதிரியெல்லோ சொல்லுறா, டொக்டர். பிள்ளை, இதிலை இருந்து சொல்லுங்கோவன்" என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினீர்கள்.

அவர் உட்கார்ந்து சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது, "நான் நல்லா நடிச்சனானோ?" என்று கேட்டீர்கள். "ஓம்" என்றேன்.

மாரி முடிய உங்கள் பரிசோதனை முடிவு வந்தது. இதயமும் பலவீனமாகிவிட்டதால் சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டீர்களாம். அதைச் சொல்ல வந்ததும் தர்சினி மிஸ்தான். அம்மாவும் நானும் பார்த்திருக்க, வார்டில் உங்கள் கட்டிலருகே வந்து நின்றார். நீங்கள் கையை நீட்டிக் கதிரையை இழுத்துவிட்டீர்கள்.

"இருங்கோ பிள்ளை. அண்டைக்கு வடிவாச் சொன்னனீங்கள்தானே. அப்பிடியே சொல்லுங்கோ."

அவர் இருந்து சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பஸ் போயிடும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ" என்றீர்கள். பஸ் ஏறும்வரை நான் அழவில்லை.

இன்று வகுப்பு எடுத்தது தர்சினி மிஸ். எங்களை அழைத்ததும் அவர்தான். புதிதாக வந்த தாதி ஒருவர் நின்றபடியே சொல்லத் தொடங்க, மிஸ் கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இப்போதும் மெதுவாகத்தான் நடக்கிறேன், அப்பா. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறீர்கள் என்று என் கால்களுக்கு நினைப்பு. தோழிகள் ஆமை என்கிறார்கள். வேகமாக நடக்க மனம் வரவில்லை.

கடைசியாக உங்கள் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டார்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சம்மதித்ததுதான். பெயரை மறைத்திருந்தார்கள். போரில் செல் வெடித்துப் பாய்ந்து, வலது தோளுக்குக் கீழே உங்களுக்குள்ளேயே தங்கிவிட்ட இரும்புத் துண்டைத் தேடினேன். மண்டபத்து வெளிச்சத்தில் அது தெரியவில்லை. எழுந்துபோய் அந்த இடத்தைத் தொட வேண்டும் போலிருந்தது.

"வடிவாத் தெரியேல்லை, மிஸ்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

விளக்குகளை அணைத்தார்கள்.