தயாளினி வேண்டாமென்ற பொன்னாடை

குருநகர்
15.10.2025

அன்பு மகன் ஜெறோமுக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் தங்கச்சி கிறிஸ்ரினாவும் சுகம், நோர்வேக் குளிரில் நீயும் உறைந்து போகாமல் சுகமாய் இருக்க மன்றாடுகிறோம். போனில் கதைப்பது உனக்குக் கஷ்டம் என்றாய், அதுதான் மீன் வெட்டுகிற கையால் பேனை பிடித்திருக்கிறேன், எழுத்துப் பிழைக்குச் சிரித்தாயோ அடுத்த பார்சலில் கருவாடு வராது.

மகன், மூன்று நாளாய் இதை உனக்கு எழுத வேண்டும் என்று நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே மண்டபத்தில் ஒரு கூட்டம், கொக்குவில் தயாளினி என்ற பிள்ளை பேச வந்தா. கடலின் அடி ஆழத்தை அளந்து படம் கீறுகிற பெரிய உத்தியோகம். அங்கே டொக்டர் உனக்குச் சொன்ன அதே ஓட்டிசம், அந்தச் சத்தமும் தொடுகையும் தாங்காத தன்மை, அவவுக்கும் இருக்கிறது என்று நோட்டீசில் கிடந்தது, அதனால்தான் அம்மாவிடம் வலை பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம், ஒருவரும் தொட வேண்டாம், ஸ்பீக்கரைக் குறைத்து வையுங்கோ என்று அவ முதலே கடிதம் போட்டிருக்கிறா. செயலாளர் தம்பிராசா, பட்டம் பெற்ற மனுஷன், அந்தக் கடிதத்தை மேடையில் முழங்க வாசித்து, பாருங்கோ என்ன தன்னடக்கம் என்று சொல்லிப்போட்டு ஒன்றுக்கு மூன்று பொன்னாடை போர்த்தினார். எங்கடை ஊரில் சோறு வேண்டாம் என்றால் இன்னும் ஓர் அகப்பை போடு என்றுதானே கருத்து. மூன்றாவதோடு அவ காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டா, சனம் அதற்கும் கைதட்டுது. பக்கத்தில் இருந்த கிறிஸ்ரோபர் அண்ணை உவவுக்குத் திமிர் என்றார், நான் வாயால் கொடுத்த கொடுப்பில் கதிரை மாறி இருந்தார்.

கொஞ்ச நேரம் வெளியில் நின்றுவிட்டு அவ திரும்பி வந்து மைக்கைத் தள்ளி வைத்தா. "நான் வேண்டாம் எண்டு எழுதினது, வேண்டாம் எண்டதாலைதான்" என்றா. பிறகு ஒரு மணித்தியாலம் கடலைப் பற்றிக் கதைத்தா, முப்பது வருஷம் மீன் விற்ற எனக்கே தெரியாத கடல்.

முடிய, தம்பிராசாவை நாலு கேள்வி கேட்க எழும்பினேன். எழும்பினவன் அப்படியே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். நீ வெளிநாடு வெளிக்கிட்ட அன்று வலைக் கொட்டிலுக்குள் ஒளித்திருந்த உன்னை இழுத்து வந்து நூறு சனத்துக்கு முன் மாலை போட்டு, நீ மாலை நனையச் சத்தி எடுத்ததை எட்டு வருஷமாய்ப் பகிடியாய்ச் சொல்லித் திரிகிறவன் யார், தம்பிராசாவா? தங்கச்சியின் கலியாணத்துக்குக் கோயிலுக்கு மட்டும் வாறன், விருந்துக்கு மாட்டன் என்று நீ எழுதியதற்கு, வந்தால் முழுசாய் வா, இல்லாட்டி வராதே என்று சொல்லி அனுப்பியவனும் நான்தான். அந்தச் சொல்லை இப்போது முள்ளோடு விழுங்குகிறேன்.

கோயிலுக்கு மட்டும் வா ராசா. பக்கக் கதவோடு இருக்கிற கடைசி மர வாங்கில் இடம் உனக்கு, உன்னைத் தொட வருகிறவன் முதலில் என்னைத் தாண்ட வேண்டும். தங்கச்சி வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். இன்னும் என்னென்ன வேண்டாம் என்று ஒரு கடதாசியில் எழுதி அனுப்பு. நான் ஐந்தாம் வகுப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் எழுதியிருப்பதை மட்டும் வாசிப்பேன்.

அந்தோனியார் உன்னைக் கைவிடமாட்டார். காதை மூடித் தொப்பி போட மறக்காதே.

இப்படிக்கு,
எட்ட நின்றே சிரிக்கப் போகிற உன் அப்பா,
செபமாலை