சுண்ணாம்பு வட்டத்துக்குள் இருந்த கோட்டான் கூடு

அனுப்புநர்
சொர்ணம், க/பெ சுந்தரமூர்த்தி,
ஹெப்பகோடி, பெங்களூரு.

பெறுநர்
வன அலுவலர் அவர்கள்,
வனத்துறை, பெங்களூரு.

பொருள்: கோட்டான் கூடு அழிந்தது தொடர்பாக என் கணவர் மீதுள்ள வழக்கை மறுபடி விசாரிக்கவும், அதே இடத்தில் மிச்சமிருக்கும் சுண்ணாம்புக் குறியைத் திங்கட்கிழமைக்குள் அழிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தருமபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்தவள். என் கணவர் ஜேசிபி ஆபரேட்டர். ஹெப்பகோடி அருகே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் இடத்தில் வேலை செய்துவந்தார். கடந்த திங்கட்கிழமை அங்கே கோட்டான் கூட்டை இடித்து, மாந்திரீகத்துக்கு விற்பதற்காகக் குஞ்சைத் திருடினார் என்று வழக்குப் பதிந்து அவரைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் எழுதி, கன்னட மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

2. கோட்டான் மரத்தில் கூடு கட்டுவதில்லை. அந்த இடத்து மண்மேட்டின் சரிவில், வெறும் தரையில் குஞ்சு பொரித்திருந்தது. வேலை தொடங்குமுன் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த ஸ்னேஹா என்ற பெண் அதைக் கண்டுபிடித்தார். குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் நெருங்கக் கூடாது என்று அடையாளம் வைக்க நினைத்தார். கையிலிருந்த சிவப்பு நாடா தீர்ந்துவிட்டதால், ஸ்டோரில் சுண்ணாம்புப் பவுடர் வாங்கிக் கூட்டைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போனார்.

3. ஐயா, கட்டட வேலையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் அங்கே தோண்டு என்று அர்த்தம். அஸ்திவாரமானாலும் தொட்டியானாலும் கோட்டைப் பார்த்துத்தான் பக்கெட்டை இறக்குவார்கள். பறவை வேலை பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை. ஆனால் அந்த இடத்து என்ஜினியர் ஷ்ரேயாஸ் அவர்களுக்குத் தெரியும். கூட்டைப் பற்றி ஸ்னேஹா அவருக்குப் போனில் செய்தியும் அனுப்பியிருந்தார். அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. என் கோபம் அவர் மேல்தான்.

4. காவல் நிலையத்தில் என் கணவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "சுண்ணாம்பு போட்ட எடத்துலதான தோண்டுனேன், வேற எங்க தோண்டுனேன் சொர்ணம்?" தாய்ப்பறவை வண்டியின் கண்ணாடியில் வந்து மோதிய பிறகுதான் அவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். மண்ணுக்குள் இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அதைத் தன் துண்டில் சுற்றி, யாரிடமாவது காட்டலாம் என்று வாசலுக்கு ஓடியிருக்கிறார்.

5. அங்கேதான் பிடித்தார்கள். தை அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்ததால், பூஜைக்குக் கொண்டு போகிறான் என்று என்ஜினியரே போலீசாரிடம் சொல்லியிருக்கிறார். பலிகொடுக்கப் போகிறவன் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி அதன் வாயில் வைப்பானா? காக்கிச் சட்டைக்காரர்கள் முன்னால் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். குஞ்சு ஸ்டேஷன் மேசையிலேயே செத்துப்போனது. என் கணவர் அழுததை நான் பார்த்தேன். நடிக்கிறான் என்றார்கள்.

6. புதன்கிழமை ஸ்னேஹா என் வீட்டுக்கு வந்தார். வட்டம் போட்டது தான்தான் என்று எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்வதாக அழுதார். அவருக்கு ஆறுதல் சொல்லும் நிலையில் நான் இல்லை. அவருடைய நிறுவனமோ அவரை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டது.

7. போகும்போது அவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. அதே இடத்தில், பாழுங்கிணற்றுச் சுவர்ப் பொந்தில் சின்ன ஆந்தைகள் அடைகாக்கின்றன. அந்தக் கிணற்றைச் சுற்றியும் அதே சுண்ணாம்பு வட்டம் இருக்கிறது. இன்றுவரை அழிக்கவில்லை. திங்கட்கிழமை புது ஆபரேட்டர் வருகிறார். பெயர் எத்திராஜ் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவர் வந்ததும் விஷயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்க அந்த இடத்து வாசலுக்குப் போனேன். திருடன் பெண்டாட்டி என்று காவலாளி விரட்டினார்.

8. ஆகவே ஸ்னேஹாவின் வாக்குமூலத்தையும் அவர் அனுப்பிய போன் செய்தியையும் வாங்கி, என் கணவர் திருடனல்ல என்று நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். அதற்கும் முன்னால், அந்த இரண்டாவது வட்டத்தை அழிக்க இன்றே ஆள் அனுப்புங்கள். ஆள் இல்லையென்றால் எனக்கு அனுமதி கொடுங்கள், நானே துடைப்பத்தோடு போகிறேன். இரண்டும் நடக்காவிட்டால், எத்திராஜும் கோடு போட்ட இடத்தில்தான் தோண்டுவார்.

இடம்: ஹெப்பகோடி
நாள்: 01.02.2025

இப்படிக்கு,
சொர்ணம்