எலும்பில் ஈயமும் ஒரு வாரத்து வெல்லமும்

பட்டாபிராம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு நலமாகவே இருக்கிறோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாய்ப் படி.

உன்னோடு ஆராய்ச்சி செய்யும் மைதிலி போன வாரம் மண்ணூர்பேட்டைக்கு அந்த எக்ஸ்ரே துப்பாக்கியோடு வந்தாள். பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு, கால் எலும்பில் எவ்வளவு ஈயம் தங்கியிருக்கிறது என்று பார்த்தாள். நீதானே அங்கே வேலை பார்த்த அப்பாவையும் அனுப்பச் சொன்னாய்? இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? விஷத்தை முறிக்கும் என்று பட்டறையில் வெல்லம் கொடுப்பார்களே, அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஒரு வாரமாய் எனக்குத் தெரியாமல் தின்றிருக்கிறார், சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு! கேட்டால், இன்னாமே கத்துற, ஈயம் ஜாஸ்தி காட்டி பொண்ணு மானம் போவக்கூடாதுன்னுதான் துன்னேன் என்கிறார். வருஷக்கணக்காய் எலும்பில் உட்கார்ந்திருப்பது வெல்லத்துக்குக் கரையுமா அங்கிள் என்று மைதிலி சிரிக்கிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வந்ததற்கு நீங்களும் உட்காருங்க ஆன்ட்டி என்று என் காலிலும் வைத்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவைவிட எனக்குக் கொஞ்சம்தான் குறைச்சலாம். அந்தப் பட்டறை வாசலையே நான் மிதித்ததில்லை, எனக்கெப்படி என்று சண்டைக்குப் போனேன். அங்கிளோட வேலைச் சட்டையை யார் துவைச்சது என்று கேட்டாள். வேறு யார், கறுப்புத் தண்ணீர் வடிய வடிய நான்தான். அன்றிலிருந்து உன் அப்பா தன் சட்டையைத் தானே துவைக்கிறார். ரிட்டயர் ஆனபிறகு துவைத்து யாருக்கு என்ன, ஆத்திரம்தான் வருகிறது.

ஊரார் காலையெல்லாம் அளக்கிறாயே, உன் காலை அளந்தாயா? அவ தள்ளிப்போட்டுகிட்டே இருந்தா ஆன்ட்டி என்கிறாள் மைதிலி. சின்ன வயசில், அப்பா பட்டறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் இடுப்பில் ஏறி காலரைக் கடித்துக்கொண்டிருந்தவளடி நீ. பிள்ளை உண்டானால் எலும்பில் இருப்பது ரத்தத்தில் இறங்குமாம், பிள்ளைக்கும் போகுமாம். எனக்கு இது புதுசு, உனக்குப் புதுசா? இந்த நேரத்தில் மிஷின் வேண்டாமென்றால் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாமே.

பாலை வேளாவேளைக்குக் குடி. அம்மன் உன்னையும் பிள்ளையையும் ஒரு குறையில்லாமல் வைத்திருக்கட்டும். மறக்காமல் நாளைக்கே டாக்டரிடம் போய் ஈயம் பார்க்கச் சொல். பயத்தில்தான் போகாமல் இருக்கிறாய், எனக்குத் தெரியாதா? எனக்கும் பயம்தான். போடி, போய்ப் பார்.

உன் அம்மா
லோகநாயகி